ஐந்து கோப்பையும் சுத்தம்

ஆர்வோவின் மூக்கு ஜனவரி மாதம் செத்துப்போனது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாதத்தில் ஹெல்சிங்கி நடைபாதைகள் கண்ணாடியாகத்தான் கிடக்கும். டிராமைப் பிடிக்க ஓடுகிறவர்களில் சிலர் கையை உடைத்துக்கொள்வார்கள், சிலர் இடுப்பை. ஆர்வோவுக்குப் பின்மண்டையில் அடி. எழுந்தார், தொப்பியைத் தேடி எடுத்தார், சுற்றி நின்றவர்கள் வாயைத் திறப்பதற்குள் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த டிராமில் ஏறிப் போய்விட்டார். நின்றவர்களும் விட்டது தொல்லை என்று கலைந்தார்கள். சில நாள் கழித்து ஒரு காலையில், ரொட்டி கருகிச் சமையலறை முழுக்கப் புகை மண்டியபோதுதான் தன் மூக்குக்கு எதுவுமே எட்டவில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "மூக்குலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு இழை அறுந்திருக்கு. ஒரு வருஷம் பாருங்க. வந்தா வரும்" என்றார். வராவிட்டால் என்று ஆர்வோ கேட்கவில்லை. டாக்டரும் சொல்லவில்லை.

தச்சனுக்கோ வக்கீலுக்கோ இப்படி ஆகியிருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். ஆர்வோ பிழைத்ததே மூக்கை வைத்துத்தான். ஒரு வாரப் பத்திரிகையின் சனிக்கிழமைப் பக்கத்தில், ஊரில் உள்ள சின்னச் சின்னக் காபிக் கடைகளைப் பற்றி எழுதுவது அவர் வேலை. ஊருக்கு ஊர் ஒரே பலகையை மாட்டிக்கொண்டு நிற்கிற பெரிய கடைகளை அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். சொந்தக்காரரே கோப்பை கழுவுகிற கடைகள்தான் அவருக்குக் கடைகள். எந்தக் கடையில் கொட்டையை ஒரு நிமிடம் கூடுதலாக வறுத்துவிட்டார்கள், எந்தக் கடையில் தண்ணீர்க் குழாயை மாற்றியிருக்கிறார்கள் என்று கதவைத் திறந்ததுமே சொல்லிவிடுவார். ஊரே அவரை மூக்கர் என்று கூப்பிட்டது. அவருக்கும் அது உள்ளூரப் பிடித்திருந்தது.

மூக்கு போனதற்காக அவர் துக்கப்பட்டாரா என்றால், அதுதான் விசித்திரம், படவில்லை. காபி வெந்நீர் ஆயிற்று. ரொட்டி காகிதம் ஆயிற்று. தன் வீட்டுக்குள் நுழைந்தால் யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் நுழைவதுபோல் இருந்தது. அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்ட தாடை மரத்துக் கிடக்குமே, அப்படி எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது, எதுவும் அவருடையதாக இல்லை. வசந்தம் வந்தது என்றார்கள். கோடை வந்து போனது என்றார்கள். அவர் தலையாட்டினார்.

சனிக்கிழமைப் பக்கம் மட்டும் நிற்கவில்லை. ஆசாமி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கடைக்குப் போனால் கதவைப் பார்த்த மூலையில் உட்கார்ந்துகொள்வார். குடிக்கிறவர்களின் கையைப் பார்ப்பார். எங்கள் ஹெல்சிங்கி ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, வீடு பற்றி எரிந்தாலும் அதில் ஒரு சலனமும் தெரியாது. ஆனால் கை பொய் சொல்லாது. முதல் மடக்குக்குப் பிறகு கோப்பையைக் கீழே வைத்தும் விரல் பிடியை விடவில்லை என்றால் காபி நன்றாயிருக்கிறது. உடனே கைபேசிக்குப் போனால் சுமார். பாலைத் தேடினால் மோசம். இதையெல்லாம் பார்த்து, பழைய ஞாபகத்திலிருந்து இரண்டு பழத்தின் பெயரையும் ஒரு பூவின் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவார். எழுத்தில் முன்பில்லாத ஒரு கனிவு வந்திருப்பதாக வாசகர்கள் எழுதினார்கள். ஆசிரியர் கைகொடுத்தார். ஏமாற்றுகிறோமே என்று குத்தியதா என்றால், குத்துவதற்கும் உள்ளே கொஞ்சம் உணர்ச்சி மிச்சமிருக்க வேண்டும்.

இன்னொரு அதிர்ஷ்டமும் அடித்தது. கடைக்காரர்கள் எல்லாரும் திடீரென்று வாயாடிகளாகிவிட்டார்கள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை. ஊரின் கல்லியோ பகுதியில் ஓஸ்மோவின் நிலவறைக் கடைக்குள் படியிறங்கினார். ஓஸ்மோ தாடிக்காரன். ஒரு காலத்தில் டிராம் ஓட்டியவன், இன்னும் பயணிகளை அதட்டுகிற குரல்தான்.

"வாங்க மூக்கரே! உங்களுக்குன்னே ஒரு நாற்காலி ஒதுக்கி வெச்சிருக்கேன்."

"அது ஆடுது."

"நாற்காலி ஆடல. உங்க வயசு ஆடுது." கோப்பையைக் கொண்டுவந்து வைத்தான். "எத்தியோப்பியா. மொதல்ல எலுமிச்சத் தோல் வாடை தூக்கும். ஆறினா தேன். கடைசில லேசா தேயிலை."

"நான் கேக்கவே இல்லையே."

"கேட்டாத்தான் சொல்லணுமா? என் கட, என் வாயி. குடிங்க."

குடித்தார். வெந்நீர். எலுமிச்சை, தேன், தேயிலை என்று மனதில் குறித்துக்கொண்டார். போன வருடம் வரை இந்த ஓஸ்மோ கோப்பையை முன்னால் தள்ளிவிட்டு, "கண்டுபிடிங்க பாப்போம்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பவன். மனிதர்களுக்கு வயதாக ஆகப் பேச்சு கூடும் என்று ஆர்வோ நினைத்துக்கொண்டார்.

அங்கிருந்து டிராமில் தோலோவுக்குப் போனார். அங்கே புல்முவின் கடை. புல்மு அவரைவிடப் பெரியவள், யாரையும் நீ வா போ என்றுதான் பேசுவாள். மந்திரி வந்தாலும் அப்படித்தான். ஜன்னலோரம் இரண்டு பெண்கள் ஒரு ஏலக்காய் ரொட்டியைப் பங்குபோட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். புல்மு தானாகவே ஒன்றை அவர் தட்டில் வைத்தாள்.

"இன்னிக்கு ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாப் போயிடுச்சு. வெண்ணெய் புதுசு. காபி கௌதமாலா, கொட்டய உடைச்ச மாதிரி, பாதாம் வாடை. சும்மா முழுங்காத, மென்னு தின்னு."

"சரி."

"உன் பொண்ணு வல்லிலாவுல கட தெறக்கிறாளாமே."

"சனிக்கிழம."

"போய்ப் பாத்தியா?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்கா. கடைக்கு எந்தக் காபி வெக்கிறதுன்னு நான் சுவைச்சுச் சொல்லணுமாம்."

புல்முவின் கையில் இருந்த துணி மேசைமேல் நின்றது. "நீ சுவைச்சா?"

"ஆமா."

"அவகிட்ட நீ..." என்று ஆரம்பித்தாள். பிறகு மேசையைத் துடைத்தாள். சுத்தமாக இருந்த மேசையை அவ்வளவு நேரம் துடைக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. "ஒண்ணுமில்ல. நான் வாழ்த்துனேன்னு சொல்லு."

ஆர்வோ ரொட்டியை மென்று முடித்தார். ஜன்னலோரப் பெண்களின் விரல்கள் கோப்பைப் பிடியை விடவில்லை. பாதாம், வெண்ணெய், ஏலக்காய் தூக்கல். அந்த வாரப் பக்கம் முடிந்தது.

ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

சைமி அவருடைய ஒரே மகள். அவளுடைய அம்மா அவரை விட்டுப் பிரிந்து ஓவுலு நகரத்துக்குப் போய்ப் பல வருடமாகிறது. அப்பாவும் மகளும் ஒரே ஊரில் இருந்தாலும் பேசிக்கொள்ள அதிகம் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள். வானிலை பற்றிப் பேசுவார்கள், அதுவும் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் காபி என்று வந்துவிட்டால் நேரம் போவது தெரியாது. பதினைந்து பதினாறு வயதிலேயே அடுப்படியில் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மோசமாயிருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கழுவுதொட்டியில் ஊற்றிவிடுவார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போடுவாள். முதன்முதலாக அவர் ஒரு கோப்பையை முழுக்கக் குடித்த அன்று அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தது சுவர் வழியாகக் கேட்டது. பிறகு யார் யார் கடையிலோ வேலை பார்த்தாள். புதிதாக ஒரு கொட்டை கைக்கு வந்தால் ஒரு பிடி எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்துவிடுவாள். "இது என்ன வாடைப்பா? நாக்கு நுனில இருக்கு, பேரு வரல" என்பாள். அவர் பெயர் சொல்வார். அவளுக்கு முகம் மலர்ந்துவிடும்.

இந்த வருடம் அவள் கேட்டபோதெல்லாம் சளி என்றார். மார்ச்சில் சளி, ஜூனில் சளி, ஆகஸ்டில் சளி. நாளை மறுநாள் கடை திறப்பு, இனிமேலும் சளி என்றால் நம்பமாட்டாள். பத்திரிகை வேலை போவதைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இல்லை. போனால் போகட்டும். மகள் வருவது நின்றுவிடும் என்பதுதான் பயம். மரத்துக் கிடந்த மனதில் உயிரோடு இருந்தது அந்த ஒரு பயம் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. வல்லிலாவில் முன்பு சாவி செய்கிற கடையாக இருந்த இடம். சுவருக்கு வெள்ளையடித்து, பழைய பள்ளிக்கூட மேசைகளை வாங்கிப் போட்டிருந்தாள். சைமி அவரைக் கட்டிக்கொள்ளவில்லை, அவர்கள் வழக்கம் அதில்லை. கோட்டை வாங்கி மாட்டினாள்.

"சளி போச்சா?"

"போச்சு."

"தப்பிச்ச. இன்னிக்கும் சளின்னு சொல்லியிருந்தா மூக்கப் புடுங்கி மேசை மேல வெச்சிருப்பேன்."

கடைக்குக் கொட்டை வறுத்துக் கொடுக்கப்போகிற யல்மாரி மேசைப் பக்கம் நின்றிருந்தான். நெட்டையான, வெட்கப்படுகிற ஆள். ஆர்வோவைக் கண்டதும் வணக்கம் சொல்லிவிட்டு, காலணி முடிச்சை அவிழ்த்துக் கட்டினான்.

மேசையில் இரண்டு வரிசை. ஒரு வரிசை கௌதமாலா நாட்டுக் கொட்டை, ஒரு வரிசை புருண்டி. வரிசைக்கு ஐந்து கோப்பை. தொழில்காரர்கள் சுவைக்கிற முறை இது. ஒவ்வொரு கோப்பையிலும் பொடியைப் போட்டு வெந்நீரை ஊற்றிவிட்டால் பொடி மேலே ஏடு கட்டி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியால் அந்த ஏட்டை உடைப்பார்கள். உடைக்கிற கணத்தில் அடைபட்டிருந்த வாடையெல்லாம் குபீரென்று வெளியே வரும். அதனால் மூக்கைக் கோப்பைக்குள்ளேயே விடுவார்கள். பிறகு ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, துப்பி, அடுத்த கோப்பைக்குப் போவார்கள். ஒரே காபியை ஐந்து கோப்பையில் வைப்பது எதற்கென்றால், மூட்டையில் ஒரு கெட்ட கொட்டை இருந்தால் அது ஏதாவது ஒரு கோப்பையில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. எல்லாரும் முடிக்கிற வரை யாரும் பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டவும் கூடாது. ஒருவர் முகம் சுளித்தால் அடுத்தவர் நாக்கு கெட்டுப்போகும். மற்ற தொழில்களில் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் இந்த வித்தை எங்கள் ஊரில் பிறவியிலேயே வந்துவிடுகிறது. ஆர்வோவுக்கு இந்தச் சட்டம் நன்றாகத் தெரியும். எத்தனையோ மேசைகளில் நின்றவர். ஆனால் ஒன்பது மாதமாக அடுத்தவர் கையைப் பார்த்துக் காலம் தள்ளியவருக்கு, இங்கே எல்லார் கையிலும் ஒரே கரண்டி, எல்லார் முகமும் ஒரே கல் என்பது நின்ற பிறகுதான் உறைத்தது.

"ரெண்டு வரிசையும் நீயே உடைப்பா" என்றாள் சைமி. பெரிய மரியாதை அது.

உடைத்தார். ஒவ்வொரு கோப்பையிலும் மூக்கை விட்டார். சூடு தெரிந்தது, ஈரம் தெரிந்தது. புருண்டியின் நாலாவது கோப்பையில் மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தார், அதற்குக் காரணம் ஒன்றுமில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. மூவரும் வரிசையாக உறிஞ்சிக்கொண்டே போனார்கள். உறிஞ்சுகிற சத்தமும் துப்புகிற சத்தமும் தவிரக் கடையில் வேறு சத்தமில்லை. அவர் ஓரக்கண்ணால் சைமியைப் பார்த்தார். கல். யல்மாரியைப் பார்த்தார். கல், ஆனால் காது சிவந்திருந்தது. அவனுக்கு எப்போதுமே காது சிவப்பு என்று எண்ணிக்கொண்டார்.

"சொல்லுப்பா. நீதான் மொதல்ல."

மூத்தவர் முதலில் பேசுவது முறை. ஆர்வோ கரண்டியை வைத்தார். மாட்டிக்கொள்ளாமல் பேச வேண்டும். வாடைக்குப் பெயர் சொன்னால்தானே வம்பு? பெயரே சொல்லாமல், யாரும் மறுக்க முடியாத வார்த்தையாக ஒன்று சொல்லிவிட்டால் போயிற்று. இருப்பதிலேயே ஆபத்தில்லாத வார்த்தையை யோசித்து எடுத்தார்.

"கௌதமாலா பரவால்ல. ஆனா நான்னா புருண்டிதான் வெப்பேன். அஞ்சு கோப்பையும் ஒரே மாதிரி இருக்கு. அஞ்சும் சுத்தம்."

சைமி தன் கரண்டியைத் துணியில் துடைத்தாள். துடைத்த கரண்டியை மறுபடி துடைத்தாள்.

"யல்மாரி, உள்ள போய் அந்தப் பெட்டியெல்லாம் எறக்கி வெச்சிடேன்."

"எறக்கி வெச்சாச்சே."

"அப்ப மறுபடி ஏத்து."

அவன் போனான். சைமி நாலாவது கோப்பையை அப்பாவின் பக்கம் நகர்த்தினாள்.

"இத இன்னொரு தடவ குடி."

குடித்தார்.

"என்ன இருக்கு இதுல?"

"சொன்னேனேம்மா. நல்லா..."

"பச்ச உருளக்கெழங்கு இருக்கு. தோலு சீவுன கெழங்கு மூட்டைக்குள்ள தலைய விட்ட மாதிரி. நீ ஏடு ஒடைச்சப்ப இங்க நின்ன எனக்கே தூக்கி அடிச்சுது. நீ அதுக்குள்ள மூஞ்சிய விட்டு நின்ன, நின்னுட்டு அஞ்சும் சுத்தம்ங்கிற."

ஆர்வோவுக்குப் புரிந்துவிட்டது. புருண்டிப் பக்கத்துக் கொட்டைகளில் எப்போதாவது இப்படி ஒன்று கலந்துவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, பூச்சியின் வேலை, யார் மேலும் குற்றமில்லை. அந்தக் கோப்பையைக் கொட்டிவிட்டு மேலே போக வேண்டியதுதான். ஆனால் காபியே குடிக்காத ஆள்கூட அந்த வாடைக்கு ஓர் அடி பின்னால் போவான். இத்தனை வருடத்தில் அவரே எத்தனை பேருக்கு அதைக் காட்டிக்கொடுத்திருக்கிறார். இவளுக்குக் காட்டியதும் அவர்தான்.

"எதுக்குப்பா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்குக் கட தெறக்கிறா, பாவம், மனசு ஒடைஞ்சிடக் கூடாதுன்னா?"

தப்பிக்க அவளே வழி திறந்துவிட்டிருந்தாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பாசத்தில் சொன்ன பொய் என்று ஆகிவிடும், மூக்கு விஷயம் வெளியே வராது. தலையாட்டக்கூடப் பார்த்தார். அவள் விடவில்லை.

"அம்மாகிட்டதான் நீ இப்படிப் பேசுவ. நல்லா இருக்கு, நல்லா இருக்கு, எல்லாம் நல்லா இருக்கு. ஓவுலு போறேன்னு அவ சொன்னப்பவும், அங்கயும் நல்லாத்தான் இருக்கும்னியாமே. எங்கிட்ட ஒரு நாளும் அப்படிப் பேசுனதில்ல. நான் போட்ட காபியத் தொட்டில ஊத்துன ஆளு நீ. அதனாலதான் ஊர்ல எவன் சொன்னாலும் நம்பாம உன்னய நம்புனேன். இப்ப எனக்கும் நல்லா இருக்கு ஆரம்பிச்சிட்டியா?"

"எனக்கு வாடை தெரியாது, சைமி."

"என்ன?"

"மூக்கு போச்சு. ஜனவரில விழுந்தேன். அதுலேர்ந்து எதுவும் தெரியல. உருளக்கெழங்கும் தெரியல, மல்லியும் தெரியல. நீ வெறும் வெந்நீர் வெச்சிருந்தாலும் அஞ்சும் சுத்தம்னுதான் சொல்லியிருப்பேன்."

"விழுந்தியா? எங்க விழுந்த?"

"டிராம் நிறுத்தத்துல."

விழுந்ததே அவளுக்குத் தெரியாது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"யல்மாரி! கதவுக்குப் பின்னாடி நிக்கிறது தெரியுது, வா! எங்கப்பாவுக்கு மூக்கு வேல செய்யலயாம்!"

யல்மாரி வந்தான். இப்போது இரண்டு காதும் தக்காளி. "ம்" என்றான்.

"என்ன ம்?"

"ஈஸ்டர்லேர்ந்து எல்லாருக்கும் தெரியுமே."

ஆர்வோ அவனைத் திரும்பிப் பார்த்தார்.

"புல்மு கடையில மெஷினுக்கு உப்பு நீக்குற மருந்து ஊத்திக் கழுவுனாங்க" என்று யல்மாரி தரையைப் பார்த்துச் சொன்னான். "ரெண்டாவது தடவ கழுவ மறந்துட்டாங்க. அதுல வந்த மொதக் கோப்ப இவருக்குப் போயிடுச்சு. புல்மு ஓடி வர்றதுக்குள்ள முழுசாக் குடிச்சிட்டு, நல்ல துடிப்பான புளிப்புன்னு சொன்னாரு. பத்திரிகைலயும் எழுதுனாரு. அப்பவே எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதனாலதான் கடைக்காரங்க எல்லாரும் கோப்பைய வெக்கிறப்பவே என்ன வாடைன்னு சொல்லிடறது."

"ஏன் ஒருத்தரும் கேக்கல?" என்றாள் சைமி.

"அவரா சொல்லுவாருன்னு இருந்தோம்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உனக்குத் தெரியாம இருக்கும்னு யாரு நெனச்சா?" யல்மாரி நிஜமாகவே திகைத்திருந்தான். "நீ அவரு பொண்ணு."

இந்த ஊரில் ஒருவனின் ஊனத்தைப் பற்றி அவன் வாயைத் திறக்கும் முன் கேட்பது, கதவைத் தட்டாமல் வீட்டுக்குள் புகுவதுபோல. எனவே ஊரே மரியாதையாக வாசலில் காத்துக்கொண்டு நின்றது. இவரும் உள்ளே உட்கார்ந்துகொண்டு யாரும் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பது மாதம். இதை மரியாதை என்பதா, மடத்தனம் என்பதா? எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

ஓஸ்மோவின் எலுமிச்சைத் தோலும் புல்முவின் பாதாமும் ஆர்வோவுக்கு நினைவுக்கு வந்தன. அவமானமாக இருக்க வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அவமானம் வரவில்லை. மரத்த தாடையில் தட்டினால் சத்தம் மட்டும் கேட்குமே, அவ்வளவுதான்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு" என்றாள் சைமி. "எனக்குத் தெரியல."

"ஊருக்கு நான் சொல்லல."

"எனக்கும்தான் சொல்லல!"

"உனக்குத்தான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்."

"ஏன்? நான் என்ன பண்ணேன்?"

அவர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நீளமாக அவர் பேசி அவள் கேட்டதேயில்லை. "நீ வேற எதுக்கு எங்கிட்ட வந்திருக்க? கிறிஸ்துமஸுக்கு வர்ற, கோட்டக் கழட்டாமயே உக்கார்ற. மழ பெய்யுதாங்கிற, பெய்யுதுங்கிறேன். முடிஞ்சுது. கைல ஒரு பிடி கொட்ட இருந்தாத்தான் நீ கோட்டக் கழட்டுவ. இந்த மூக்குக்காகத்தான் வந்த. அதுவும் போச்சுன்னு சொல்லிட்டா நீ எதுக்கு வருவ? வராமப் போயிடுவேன்னு பயந்தேன். அதான்."

யல்மாரி ஓசைப்படாமல் மறுபடி உள்ளே போய்விட்டான். இந்த முறை நிஜமாகவே பெட்டிகளை ஏற்றுகிற சத்தம் கேட்டது.

அப்படியெல்லாம் இல்லைப்பா என்று சைமி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை, அவளுக்கும் அது தெரியும். எழுந்து நாலாவது கோப்பையை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள். மற்ற கோப்பைகளையும் ஒவ்வொன்றாக ஊற்றினாள். தண்ணீரைத் திறந்துவிட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு வெகு நேரம் கழுவினாள்.

முடிந்தது என்று ஆர்வோ நினைத்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, இனி இங்கே வேலை இல்லை. மாட்டியிருந்த கோட்டை எடுத்து ஒரு கையை நுழைத்தார்.

"எங்க போற?" தொட்டியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"வீட்டுக்கு."

"கொட்டய நான் பாத்துக்கறேன். கௌதமாலாதான் வெக்கப்போறேன். பத்திரிகைல மூக்கு விஷயத்தச் சொல்லிடு."

"திங்கக்கெழம சொல்லிடறேன்."

"கோட்டக் கழட்டு."

கழற்றினார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கண் சிவந்திருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"பின்கட்டுல மக்குற குப்பத் தொட்டி இருக்கு. குளிர்பெட்டி ரெண்டு நாளா ஓடாம இருந்ததுல பால் அத்தனையும் கெட்டு, அதுலதான் ஊத்துனேன். மேல்வீட்டுக்காரன் மீன்தலய வேற போட்டுட்டான். கொல்லைக் கடைசில பெரிய தொட்டில கொண்டுபோய்க் கொட்டணும். நானும் யல்மாரியும் காலைலேர்ந்து நீ போ நான் போன்னு சண்ட போட்டுக்கிட்டிருக்கோம். மூடியத் தெறந்தா வாந்திதான் வருது."

"சரி."

"ஊர்லயே உன்னால மட்டும்தான் முடியும்."

உள்ளே பெட்டி ஒன்று தடாலென்று விழுந்தது. அங்கிருந்து யல்மாரி தலையை நீட்டி, இப்படியும் ஒரு பெண் பேசுவாளா என்பதுபோல் பார்த்தான். ஆர்வோ மகளைப் பார்த்தார். அவள் கல் முகத்தோடு நின்றாள், உதட்டோரம் மட்டும் துடித்தது. அவருக்குத் தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. இருமல் என்றுதான் முதலில் நினைத்தார். சிரிப்பு. பழக்கம் விட்டுப்போயிருந்ததால் கரகரவென்று வந்தது.

தொட்டி கனமாக இருந்தது. சக்கரம் ஒன்று சரியில்லாததால் தூறலில் கொல்லை நெடுக இழுத்துக்கொண்டு போனார். எதிரே வந்த மேல்வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். ஆர்வோ அவருக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். மூடியைத் திறந்து, கவிழ்த்து, அடியில் ஒட்டிக்கொண்டதையும் குச்சியால் சுரண்டிக் கொட்டி, குழாயடியில் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். விரல்கள் விறைத்துவிட்டன.

சைமி பின்கதவில் நின்றுகொண்டிருந்தாள். சோப்பை எடுத்து நீட்டினாள். கையை எட்டத்தில் வைத்துத்தான் நீட்டினாள்.

"நல்லாக் கழுவு. முழங்கை வரைக்கும்." கழுவி முடிக்கிறவரை நின்றாள். "அது தெனமும் நெறைஞ்சிடும்ப்பா. சாயங்காலம் கட மூடறப்ப எடுக்கணும்."

"நாளைக்கா?"

"தெனமும்ங்கிறேன், நாளைக்காங்கிற."

"ஞாயித்துக்கெழமயுமா?"

"ஞாயித்துக்கெழமதான் ஜாஸ்தி நெறையும். ஏன், உனக்கு வேற எங்கயாவது போகணுமா?"

ஆர்வோ துண்டைத் தேடுவதுபோல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முகம் நனைந்திருந்தது. தூறலில் போய்வந்த முகம்தானே என்று சைமி விட்டுவிட்டாள்.

"இல்ல" என்றார். "எத்தன மணிக்கு வரணும்?"